வெட்டுவதற்கு முன்: மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, கீமோ, அறுவை மூன்றும் சேரும் சிகிச்சை, படிப்படியாக

“கட்டி என்று தெரிந்துவிட்டது, வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே? எதற்கு இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?” என் அண்ணனின் பயாப்ஸி முடிவு வந்த அன்று அம்மா இப்படிக் கேட்டார், சித்தப்பா கேட்டார், நானும் கேட்டேன். முதலில் பார்த்த அறுவை மருத்துவர் அடுத்த வாரமே தேதி கொடுக்கத் தயாராக இருந்தார். எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. செவிலியராக வேலை பார்க்கும் அண்ணியின் தங்கை மட்டும் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா?” எடுக்கவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோது, மலக்குடலைச் சூழ்ந்திருக்கும் உறையைத் தொட்டுக்கொண்டு கட்டி நின்றது. அந்த வாரமே வெட்டியிருந்தால் நோயின் ஒரு பகுதி உள்ளேயே தங்கியிருக்கக்கூடும்.

மலக்குடல் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கையில் இருப்பவை மூன்று: அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி. அவற்றை எந்த வரிசையில் சேர்ப்பது என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதுதான் நோயாளிகளின் நிலையைப் பெரிதும் மாற்றியது. அந்த வரிசை முதல் கத்தி படுவதற்கு முன்பே முடிவாக வேண்டும். வெட்டிய பிறகு திரும்பி வந்து சரிசெய்யும் வாய்ப்பு மிகக் குறைவு.

நான் மருத்துவர் இல்லை. அண்ணனோடு ஒன்றரை ஆண்டு மருத்துவமனை நாற்காலிகளில் உட்கார்ந்து, கேட்டும் படித்தும் குறித்துவைத்ததை எழுதுகிறேன். மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். அவர் முன்னால் சரியான கேள்விகளோடு போய் உட்காரப் பயன்படுத்துங்கள்.

முதல் படி: இரத்தம் என்றால் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள்

மலத்தோடு இரத்தம் வந்தால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் சொல் ‘மூலம்’, அடுத்தது ‘உடம்புச் சூடு’. அண்ணனுக்கு எட்டு மாதம் மூலத்துக்குத்தான் மருந்து கொடுக்கப்பட்டது. வீட்டில் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் மாறி மாறிச் சமைத்தோம். அந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட ஆசனவாயில் விரல் விட்டுப் பரிசோதிக்கவில்லை. கீழ்ப்பகுதியில் வரும் மலக்குடல் கட்டிகளில் பலவற்றை விரலாலேயே தொட்டு உணர முடியும். ஒரு நிமிடம்கூட ஆகாத பரிசோதனை அது. மருத்துவர் தயங்கினாலும் நோயாளி கூச்சப்பட்டாலும் இழப்பு நோயாளிக்குத்தான்.

மலம் கழித்த பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், மலத்தோடு சளி, காரணமில்லாத இரத்தசோகை, எடை குறைவு ஆகியவற்றில் ஏதாவது இரத்தத்தோடு சேர்ந்தால் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) கேளுங்கள். மூலம் இருப்பவருக்கும் புற்றுநோய் வரலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகிவிடாது.

இரண்டாம் படி: கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆசனவாய் விளிம்பிலிருந்து மேலே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வரை உள்ள குடல்தான் மலக்குடல். அதற்கு மேலே பெருங்குடல். பெருங்குடலில் வரும் கட்டியைப் பெரும்பாலும் நேரே அறுத்து எடுத்துவிட்டு, தேவையானால் பிறகு கீமோ கொடுக்கிறார்கள். மலக்குடலில் ஏன் அப்படிச் செய்வதில்லை என்பதற்கு உடற்கூறுதான் விடை. வயிற்றுக்குள் இடம் தாராளம். மலக்குடலோ இடுப்பெலும்புக் கூட்டுக்குள், குறுகிய புனல் போன்ற இடத்தில் அமர்ந்திருக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை, ஆண்களுக்குப் புரோஸ்டேட், பெண்களுக்குக் கருப்பையும் யோனியும். பின்னால் முதுகுத்தண்டின் அடியெலும்பு. பக்கங்களில் சிறுநீர் கழிக்கவும் தாம்பத்திய உறவுக்கும் வேண்டிய நரம்புகள். ‘பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாக’ வெட்ட அங்கே இடமே இல்லை.

அதனால்தான் பழைய காலத்தில் நல்ல அறுவைக்குப் பிறகும் நோய் அதே இடத்தில் திரும்ப முளைத்தது. இடுப்புக்குள் திரும்ப வரும் புற்றுநோய் தரும் வலி மிகக் கொடுமையானது. 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர அறுவை மருத்துவர் பில் ஹீல்டு ஒரு வழி காட்டினார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலமும், அதற்குள் நிணநீர் முடிச்சுகளும், எல்லாவற்றையும் மூடிய மெல்லிய உறையும் இருக்கின்றன. உறை கிழியாமல், கட்டிய பொட்டலத்தைப் பிரிக்காமல் தூக்குவது போல அதை முழுதாக எடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று அவர் எடுத்துச் சொன்னார். டி.எம்.இ. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த அறுவைதான் இன்று உலகெங்கும் அடிப்படை. உங்கள் அறுவை மருத்துவர் இதை அடிக்கடி செய்பவரா என்று கேட்பதில் தவறே இல்லை. நாங்கள் கேட்டோம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் படி: பரிசோதனைகளை முடிக்காமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

கொலோனோஸ்கோப்பி குடல் முழுவதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் மேலே இன்னொரு கட்டியோ, பாலிப் என்ற சதை வளர்ச்சியோ இருக்கலாம். பயாப்ஸி நோயை உறுதிசெய்யும். மார்புக்கும் வயிற்றுக்கும் எடுக்கும் சி.டி. ஸ்கேன், நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ நோய் பரவியிருக்கிறதா என்று சொல்லும். சி.இ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையின் அளவைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவைத்தால்தான் பின்னாளில் ஒப்பிட முடியும்.

இவை எல்லாவற்றிலும் வரிசையைத் தீர்மானிப்பது இடுப்புக்கான எம்.ஆர்.ஐ.தான். அறிக்கை கைக்கு வந்ததும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். கட்டி குடல்சுவரைத் தாண்டிக் கொழுப்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? நிணநீர் முடிச்சுகளில் சந்தேகம் உண்டா? குடல்சுவருக்கு வெளியே உள்ள இரத்தக்குழாய்களுக்குள் புகுந்திருக்கிறதா? உறைக்கும் கட்டிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்? ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் உறை ‘ஆபத்தில் இருக்கிறது’ என்று பொருள். அண்ணனின் அறிக்கையில் அந்த எண் பூஜ்யம். ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தப்பியிருக்கிறதா என்பதும் அதே அறிக்கையில் தெரிய வேண்டும். மலம் வந்து சேர வயிற்றில் நிரந்தரப் பை வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

பயாப்ஸித் துண்டில் எம்.எம்.ஆர். பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. மலக்குடல் புற்றுநோயாளிகளில் மிகச் சிலருக்கே அந்தக் குறை இருக்கும். அந்தச் சிலருக்குப் பாதையே மாறிவிடும். 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட 12 நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து மட்டும் ஆறு மாதம் கொடுத்ததில் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது. கத்தியும் கதிரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. விலை மிக அதிகமான மருந்துதான். ஆனாலும் உங்களுக்கு அந்தக் கதவு இருக்கிறதா என்று தெரியாமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

நான்காம் படி: மூன்று மருத்துவர்களும் ஒன்றாக உட்கார வேண்டும்

அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ கொடுக்கும் மருத்துவர் மூவரும், எம்.ஆர்.ஐ. பார்க்கும் கதிரியல் நிபுணரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு ‘டியூமர் போர்டு’ என்று பெயர். “என் கேஸ் டியூமர் போர்டில் பேசப்பட்டதா?” என்று கேளுங்கள். சிறிய மருத்துவமனையில் அந்தக் கூட்டம் இல்லையென்றால், அறிக்கைகளையும் ஸ்கேன் சி.டி.யையும் எடுத்துக்கொண்டு அது இருக்கும் இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

கூட்டம் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இப்படி அமையும். நோய் குடல்சுவருக்குள்ளேயே நின்று, முடிச்சுகளும் சுத்தமாக இருந்தால் நேரே அறுவை. மிக ஆரம்ப நிலையில் உள்ள சிலருக்கு ஆசனவாய் வழியாகவே கட்டியை மட்டும் எடுத்துவிட முடியும். கட்டி மலக்குடலின் மேல்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் பெருங்குடல் கட்டியைப் போலவே நடத்துவார்கள். நடுவிலும் கீழேயும் உள்ள கட்டி சுவரைத் தாண்டியிருந்தாலோ, முடிச்சுகளுக்குப் போயிருந்தாலோ, உறையை நெருங்கியிருந்தாலோ முதலில் கதிர்வீச்சும் கீமோவும், பிறகு அறுவை. இந்தக் கட்டுரை முக்கியமாக இந்தக் கடைசிப் பிரிவினருக்கானது.

இதற்குள்ளும் விதிவிலக்கு உண்டு. 2023-இல் வெளிவந்த புராஸ்பெக்ட் ஆய்வு, ஆசனவாய்த் தசையைக் காப்பாற்றக்கூடிய உயரத்தில் கட்டி இருந்து, உறையும் ஆபத்தில் இல்லாதவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு முதலில் ஃபோல்ஃபாக்ஸ் என்ற கூட்டு மருந்துக் கீமோ கொடுத்து, கட்டி நன்றாகச் சுருங்கினால் கதிர்வீச்சைத் தவிர்த்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஈடாகவே இருந்தார்கள். குழந்தை பெற விரும்பும் இளம் வயதினருக்கு இது பெரிய செய்தி.

ஏன் கதிர் முன்னால், கத்தி பின்னால்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தபோதுதான் எங்கள் வீட்டில் பதற்றம் அடங்கியது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1990 வாக்கில் அமெரிக்காவின் பரிந்துரை வேறு மாதிரி இருந்தது: முதலில் அறுவை, பிறகு கதிர்வீச்சும் கீமோவும். ஐரோப்பா வேறு பக்கம் யோசித்தது. 1997-இல் வெளியான சுவீடன் ஆய்வு, அறுவைக்கு முந்தைய வாரத்தில் ஐந்தே நாள் கதிர்வீச்சு கொடுத்தது. ஐந்தாண்டில் இடுப்புக்குள் நோய் திரும்பியது 27 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக இறங்கியது. உயிரோடு இருந்தவர்கள் 48-லிருந்து 58 சதவீதமானார்கள். ஹீல்டின் முறையில் நல்ல அறுவை செய்தால் கதிர்வீச்சு தேவையா என்ற நியாயமான கேள்விக்கு 2001-இல் நெதர்லாந்து ஆய்வு பதில் தந்தது. நல்ல அறுவையோடு கதிர்வீச்சும் சேர்ந்தபோது, இரண்டாண்டில் நோய் அங்கேயே திரும்பியது 8.2 சதவீதத்திலிருந்து 2.4 சதவீதமாகக் குறைந்தது.

முன்னாலா பின்னாலா என்ற வழக்குக்கு 2004-இல் தீர்ப்புச் சொன்னது ஜெர்மனி ஆய்வு. ஒரே கதிர்வீச்சையும் கீமோவையும் ஒரு குழுவுக்கு அறுவைக்கு முன்னும், இன்னொரு குழுவுக்குப் பின்னும் கொடுத்தார்கள். நோய் அதே இடத்தில் திரும்பியது முன்னால் பெற்றவர்களில் 6 சதவீதம், பின்னால் பெற்றவர்களில் 13 சதவீதம். கடுமையான உடனடிப் பக்கவிளைவுகள் முன்னால் பெற்றவர்களில் 27 சதவீதம், பின்னால் பெற்றவர்களில் 40 சதவீதம். ஆயுள்காலத்தில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

காரணங்கள் புரியாதவை அல்ல. கதிர் புற்றணுவைக் கொல்வதற்கு ஆக்சிஜன் துணை வேண்டும். வெட்டாத திசுவில் இரத்த ஓட்டம் குலையாமல் இருக்கிறது, தழும்பு விழுந்த திசுவில் அது குறைவு. அறுவைக்குப் பிறகு சிறுகுடல் இடுப்புப் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவதால் கதிர் அதன்மேலும் படும். முன்னால் கொடுத்தால் கதிர் பட்ட மலக்குடல் எப்படியும் வெட்டி எடுக்கப்பட்டு, கதிர் படாத நல்ல குடல் கீழே இறங்கி இணைகிறது. கட்டி சுருங்கி உறையிலிருந்து விலகுவதால் சுத்தமாக வெட்டவும் முடிகிறது.

ஜப்பானில் நீண்ட காலமாக வேறு மரபு. கதிர்வீச்சைவிட, இடுப்பின் பக்கச்சுவரில் உள்ள முடிச்சுகளையும் சேர்த்து அறுப்பதில் அவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகும் பக்க முடிச்சு பெரிதாகவே நின்றால், அந்த அறுவை உங்களுக்கும் தேவைப்படலாம்.

ஐந்தாம் படி: நீண்டகாலக் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை

நம் மக்கள் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். உடலில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரேயைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள கதிர் சில நிமிடங்கள் படும், வலிக்காது. முதலில் சிமுலேஷன் என்ற அளவெடுப்பு நாள். ஒரே நிலையில் படுக்கவைத்து சி.டி. எடுத்து, தோலில் புள்ளிகள் வைப்பார்கள். மையால் வைத்திருந்தால் சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது. பல இடங்களில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வரச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளிக் கதிரிலிருந்து காக்கிறது.

வாரத்துக்கு ஐந்து நாள், ஏறத்தாழ ஐந்தரை வாரம், 28 முறை, மொத்தம் 50.4 கிரே என்பது பரவலான அளவு. கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. கதிர் உள்ள நாட்களில் காலையும் மாலையும் கேபெசிட்டபின் என்ற கீமோ மாத்திரை. உடல் பரப்பைக் கணக்கிட்டு அளவைச் சொல்வார்கள். உணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். கதிரால் அடிபட்ட புற்றணு தன் டி.என்.ஏ.யைச் சரிசெய்துகொள்ள விடாமல் தடுப்பதே இங்கே அதன் வேலை. ஃபுளூரோயூராசில் என்ற கீமோ மருந்தை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினாலும் அதே பலன்தான். இதோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்தால் நல்லதோ என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் வயிற்றுப்போக்குத்தான் கூடியது.

தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டியவை சில. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாத மருந்தோ, வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அதை வலியுறுத்திச் சொல்லுங்கள், ஏனெனில் கேபெசிட்டபின் இரண்டோடும் மோதும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவாக இருக்கும். வழக்கமான அளவே அவர்களுக்கு உயிராபத்தாகலாம். அதற்கான டி.பி.ஒய்.டி. மரபணுச் சோதனை உண்டா என்று கேளுங்கள். குழந்தை வேண்டும் வயதினர் விந்தணு, கருமுட்டை சேமிப்பது பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும். இடுப்பில் விழும் கதிர் சூலகத்தை நிறுத்திவிடும், மாதவிடாய் நின்றுபோகும். கதிர் தொடங்கிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை. வெட்கத்தால் இதை யாரும் எடுத்துச் சொல்லாமல் போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

முதல் இரண்டு வாரம் அண்ணன் வேலைக்கே போய்வந்தார். மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு, மலம் வராமலே வருவது போன்ற அவசரம், ஆசனவாயைச் சுற்றித் தோல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெரிய அசதி. நார் நிறைந்த கீரையையும் காரத்தையும் அந்த வாரங்களில் குறைத்தோம். குழைந்த சோறு, மோர், இட்லி, வாழைப்பழம், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவை கைகொடுத்தன. அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கால்மணி நேரம் உட்கார்ந்தால் எரிச்சல் தணிந்தது. மஞ்சளோ எண்ணெயோ எதையும் மருத்துவர் சொல்லாமல் கதிர் படும் தோலில் பூசாதீர்கள்.

மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்தால் உடனே சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். நெஞ்சுவலி வந்தால் அடுத்த மாத்திரையை விழுங்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது, அன்றே மருத்துவமனை. கதிர்வீச்சு நாட்களைக் கல்யாணம், திருவிழா என்று நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். இடைவெளி விழுந்தால் தப்பிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும்.

ஆறாம் படி: ஐந்து நாள் பாதையும், எல்லாவற்றையும் முன்னால் வைக்கும் பாதையும்

சுவீடனில் தொடங்கிய குறுகியகாலக் கதிர்வீச்சு, நாளொன்றுக்கு 5 கிரே வீதம் ஐந்து நாளில் 25 கிரே. அந்த ஐந்து நாளில் கீமோ இல்லை. தொலைவிலிருந்து வந்து லாட்ஜில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பத்துக்கு ஐந்தரை வாரம் ஒரு வாரமாகச் சுருங்குவது எத்தனை பெரிய உதவி என்று, வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவர்களைப் பார்த்தபோது புரிந்தது. முன்பு இதை முடித்த ஒரு வாரத்துக்குள் அறுவை செய்தார்கள். நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்துச் செய்தாலும் நோய்க்கட்டுப்பாடு குறைவதில்லை, அறுவைச் சிக்கல்களும் குறைகின்றன என்று ஸ்டாக்ஹோமில் நடந்த ஆய்வு காட்டியது.

இடுப்புக்குள் நோய் திரும்புவதை அடக்கியபின் மிஞ்சிய எதிரி, கல்லீரலிலும் நுரையீரலிலும் பின்னாளில் முளைக்கும் நோய். அறுவைக்குப் பின் கொடுக்கும் கீமோவைப் பலரால் முழுதாக முடிக்க முடிவதில்லை. உடல் தளர்ந்திருக்கும், வயிற்றில் பை இருக்கும். எனவே கீமோ முழுவதையும் அறுவைக்கு முன்பே கொடுத்துவிடும் முறை வந்தது. மருத்துவர்கள் இதை டி.என்.டி. என்பார்கள். ராப்பிடோ ஆய்வில் ஐந்து நாள் கதிருக்குப் பின் பதினெட்டு வாரம் கீமோ கொடுத்து அறுவை செய்தபோது, 28 சதவீதம் பேரின் வெட்டிய குடலில் புற்றணுவே மிஞ்சவில்லை. வழக்கமான முறையில் அது 14 சதவீதம். ஆனால் ஐந்தாண்டுக் கணக்கில் அதே இடத்தில் நோய் திரும்பியது புதிய முறையில் 10 சதவீதம், பழையதில் 6. அதனால் எல்லோருக்கும் ஒரே பாதை என்று யாராவது சொன்னால் மேலும் கேள்வி கேளுங்கள். பிரான்சின் புரோடீஜ் 23 ஆய்வு மூன்று மாதம் வலுவான கீமோவை முதலில் கொடுத்து, பிறகு நீண்டகாலக் கதிர்வீச்சுக்குப் போனது. ஏழாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களும் அதில் கூடுதல். அந்தக் கீமோவைத் தாங்க நல்ல உடல்வலு வேண்டும்.

ஆக்சாலிபிளாட்டின் ஏறிய நாட்களில் குளிர் ஆகாது. பிரிட்ஜில் கை வைத்தால் விரல் நுனியில் ஊசி குத்தும், குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை இறுகுவது போலிருக்கும். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரைக்கூட அண்ணன் வெந்நீர் கலந்துதான் தொட்டார். இரண்டு ஊசிகளுக்கு நடுவிலும் மரத்துப்போவது நீங்காவிட்டால் சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டால் சிலருக்கு அது நிரந்தரமாகிவிடும்.

ஏழாம் படி: காத்திருக்கும் வாரங்கள்

கதிர்வீச்சு முடிந்தவுடன் வீட்டில் மீண்டும் அதே கேள்வி எழும்: “இன்னும் ஏன் வெட்டவில்லை?” கதிரின் வேலை கடைசி நாளோடு நிற்பதில்லை. அடிபட்ட அணுக்கள் பிரிய முயலும்போதுதான் மடிகின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை காத்திருப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே. அந்த வாரங்களில் நடையும், புரதம் உள்ள உணவும், புகைபிடிப்பதை விடுவதும் அறுவைக்கு உடலைத் தயார்செய்யும்.

பிறகு மீண்டும் எம்.ஆர்.ஐ., விரல் பரிசோதனை, உள்நோக்கி (கேமரா குழாய்). மூன்றிலும் கட்டி தென்படவில்லை என்றால் இன்னொரு வழி திறக்கிறது. பிரேசிலின் சாவ் பாலோ நகர அறுவை மருத்துவர் ஏஞ்சலிட்டா ஹாப்ர்-காமா, கட்டி முழுதாக மறைந்தவர்களை வெட்டாமல் கண்காணித்து, 2004-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். அப்போது பலர் நம்ப மறுத்தார்கள். இன்று தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அது ஏற்கப்பட்ட வழி. ஓப்ரா ஆய்வில் கதிர்வீச்சை முதலிலும் கீமோவைப் பிறகும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மூன்றாண்டு கடந்தும் மலக்குடலை இழக்கவில்லை. ஆனால் பன்னாட்டுப் பதிவேட்டின்படி நாலில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் அதே இடத்தில் கட்டி திரும்ப வளர்கிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை உள்நோக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. என்று தவறாமல் வர முடிந்தவர்களுக்கே இந்த வழி. இரத்தம் நின்றுவிட்டது, குணமாகிவிட்டது என்று மருத்துவமனைக்கே திரும்பாமல் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அறிகுறி மறைவது வேறு, மருத்துவர் மூன்று வகையில் பார்த்து ‘முழுதாக மறைந்தது’ என்று சொல்வது வேறு.

எட்டாம் படி: அறுவை

அண்ணனின் கட்டி சுருங்கி உறையிலிருந்து விலகியிருந்தது, மறையவில்லை. பத்தாம் வாரத்தில் அறுவை. கட்டி தசையைத் தொடவில்லை என்றால் மலக்குடலை எடுத்துவிட்டுக் குடலைக் கீழே இழுத்து இணைப்பார்கள். தசைக்குள் புகுந்திருந்தால் ஆசனவாயையும் எடுத்து மூடிவிட்டு, இடது பக்க வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டியிருக்கும். 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த அறுவை அது. திறந்து செய்தாலும், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை), ரோபோ என்று எதில் செய்தாலும், உறை கிழியாமல் வெளியே வந்ததா என்பதே முக்கியம். கருவியின் பெயரைவிடக் கையின் பழக்கம் பெரிது என்பது என் எண்ணம்.

தாழ்வாக இணைத்த குடல் ஆறும்வரை, சிறுகுடலை வலது வயிற்றில் வெளியே கொண்டுவந்து தற்காலிகப் பை வைப்பது வழக்கம். அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவும் நிற்கவும் குனியவும் வைத்து, பைக்கான இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். வேட்டியோ புடவையோ கட்டும் இடத்தில் அது அமைந்துவிட்டால் அன்றாடம் அவதி. சிறுகுடல் பையில் வருவது தண்ணீராக இருக்கும். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் சிறுநீரகம் பாதிக்கும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது போக்கை இன்னும் கூட்டும், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் வேண்டும். வெயில் காலத்தில் இதில் அலட்சியம் கூடாது.

ஒன்பதாம் படி: வெட்டிய குடலின் அறிக்கை

இரண்டு வாரத்துக்குள் நோய்க்குறியியல் அறிக்கை வரும். வெட்டிய பக்க விளிம்பு சுத்தமா, உறை முழுமையாக இருந்ததா, எத்தனை முடிச்சுகளைப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய், கட்டி எவ்வளவு கரைந்தது என்று அதில் இருக்க வேண்டும். முன்பே முழுக் கீமோவும் முடித்தவர்களுக்கு இத்தோடு சிகிச்சை பெரும்பாலும் நிறைவு. கதிரோடு மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு வழக்கமாக ஏறத்தாழ நான்கு மாதக் கீமோ இன்னும் உண்டு. உடல் தேறியதும் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

செலவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் இருக்கின்றன. எந்தக் கட்டத்துக்கு எப்போது அனுமதி கேட்க வேண்டும் என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

பத்தாம் படி: பை மூடிய பிறகு

கீமோ முடிந்து, இணைப்பு ஆறியது என்று சோதித்தபின் தற்காலிகப் பையை மூடுவார்கள். அன்று எங்கள் வீட்டில் பாயசம். ஆனால் அடுத்த மாதங்கள் எளிதாக இல்லை, அதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மலத்தைத் தேக்கிவைக்கும் தொட்டிதான் மலக்குடல். அது போனபின் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை கூடப் போக நேரும். அடக்க முடியாத அவசரம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வருவது, காற்றா மலமா என்று தெரியாமல் போவது என்று பல தொல்லைகள். மருத்துவர்கள் இதை லார்ஸ் என்கிறார்கள். கதிர் பெற்றவர்களுக்கும் மிகத் தாழ்வாக இணைத்தவர்களுக்கும் இது கூடுதல். இடுப்புத் தசைப் பயிற்சி, மருத்துவர் சொல்லும் லோபரமைடு மாத்திரை, இசப்கோல் உமி, ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் கழுவும் முறை ஆகியவை பலருக்குப் பலன் தருகின்றன. முதலாண்டில் மெதுவாகச் சீராகிறது. விறைப்புக் குறைவு, யோனி வறட்சி, சிறுநீர்ச் சிக்கல் ஆகியவற்றுக்கும் மருத்துவம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

கண்காணிப்பு ஐந்தாண்டு. முதல் இரண்டாண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் சி.இ.ஏ.யும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குறித்த இடைவெளியில் சி.டி., முதலாண்டு முடிவில் கொலோனோஸ்கோப்பி. கல்லீரலிலோ நுரையீரலிலோ ஒன்றிரண்டு இடத்தில் நோய் முளைத்தாலும், சீக்கிரம் கண்டால் வெட்டிக் குணப்படுத்த வாய்ப்பு உண்டு. நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தங்களுக்கு எந்த வயதில் கொலோனோஸ்கோப்பி வேண்டும் என்று அதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணன் ஆறாவது மாதப் பரிசோதனைக்குப் போன அன்று, அதே அறையின் வாசலில் நானும் எனக்கான சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.